எந்த நேரமும் தட்டப்படும் கதவு

அல்காரிதம் பேப்பரில் ஒரு தடவை, நெட்வொர்க்ஸ் பேப்பரில் ஒரு தடவை, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் இன்னொரு தடவை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர் என்றால் நாலு வருஷத்தில் குறைந்தது மூணு முறை இந்த மனிதரை நீங்க சந்தித்திருப்பீங்க. கிளாஸில் பாதிப் பேர் டிஜிக்ஸ்ட்ரா என்போம், மீதிப் பேர் டிக்ஸ்ட்ரா என்போம். சரியான உச்சரிப்பு டைக்ஸ்ட்ரா. முழுப்பெயர் எட்ஸ்கர் வைப டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்துக்காரர்.

ஷார்ட்டஸ்ட் பாத், செமஃபோர், டைனிங் பிலாசஃபர்ஸ் என்று மார்க் வாங்கித் தருகிற தலைப்புகளில் எல்லாம் அவர் இருக்கிறார். ஆனால் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது இந்த மூன்றுக்கும் இல்லை. இன்டரப்டுக்குத்தான். அதுவும், முதலில் அவர் வேண்டவே வேண்டாம் என்று எதிர்த்த ஒரு விஷயத்துக்கு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய கதை என்று பக்கத்தைத் தள்ளிடாதீங்க. அவரைப் பயமுறுத்திய அதே கேள்வி இன்றைக்கும் லினக்ஸ் கர்னலுக்குள் உயிரோடு இருக்கிறது.

பிசிக்ஸ் படிக்கப் போனவர்

டைக்ஸ்ட்ரா பிறந்தது 1930 மே 11, ராட்டர்டாம் நகரத்தில். அப்பா கெமிஸ்ட்ரி ஆசிரியர். அம்மா கணிதம் படித்தவர், ஆனால் வேலைக்குப் போனதில்லை. பையனுக்குப் பத்து வயது முடிந்த அதே வாரத்தில் ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாம் மீது குண்டு போட்டன. நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போனது. போர் முடிந்து வளர்ந்த அந்தப் பையனுக்கு முதலில் இருந்த ஆசை சட்டம் படித்து ஐ.நா. சபையில் நாட்டின் பிரதிநிதியாக உட்கார வேண்டும் என்பது. ஆனால் மார்க் ஷீட்டில் கணக்கும் அறிவியலும் பிரமாதமாக இருந்ததால் லைடன் பல்கலைக்கழகத்தில் தியரிட்டிகல் பிசிக்ஸுக்குப் போனார். மார்க்கைப் பார்த்து கோர்ஸ் மாறுவது நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போல.

1951-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூன்று வாரப் புரோகிராமிங் வகுப்பு ஒன்று நடந்தது. எட்சாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸின் இடம். டைக்ஸ்ட்ரா போய்ப் படித்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த மேதமேட்டிகல் சென்டரில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். வேலையின் பெயர் புரோகிராமர். நெதர்லாந்தில் அந்தப் பெயரோடு வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான் என்பார்கள்.

அப்படி ஒரு தொழில் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1957-ல் மரியா டெபெட்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதிக் கொடுத்தார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்கவில்லை. கடைசியில் தியரிட்டிகல் பிசிசிஸ்ட் என்றுதான் பதிவானது.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம்தான் ஷார்ட்டஸ்ட் பாத் வந்தது. ஆர்மாக் என்ற புது மெஷினைப் பொதுமக்களுக்குக் காட்ட எல்லோருக்கும் புரிகிற ஒரு கணக்கு தேவைப்பட்டது. மரியாவோடு கடைவீதிக்குப் போனவர், களைத்துப்போய் ஒரு காபிக்கடை வாசலில் உட்கார்ந்தபோது, சுமார் இருபது நிமிஷத்தில், பேப்பர் பேனா இல்லாமல் மனசிலேயே அந்த அல்காரிதத்தை முடித்தார். பேப்பர் பேனா இல்லாததால்தான் தேவையில்லாத சிக்கல் எதுவும் உள்ளே வரவில்லை என்று பின்னாளில் நினைத்தார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. மெஷினில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது அவர் வழி இல்லை. மெஷினுக்குப் போகும் முன்பே அது சரி என்று தெரிய வேண்டும்.

மெஷின் இல்லாமல் எழுதிய புரோகிராம்

மேதமேட்டிகல் சென்டரில் மெஷினைக் கட்டியவர்கள் பிராம் லூப்ஸ்ட்ராவும் கேரல் ஸ்கோல்டனும். அவர்கள் ஹார்டுவேர், டைக்ஸ்ட்ரா புரோகிராம். மூன்று பேரும் வேலை செய்த விதம் அழகானது. மெஷின் என்ன செய்யும் என்பதை முதலில் பேப்பரில் முழுசாக எழுதிவிடுவார்கள். அந்தப் பேப்பர்தான் ஒப்பந்தம். அதைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் மெஷினைக் கட்டுவார்கள். அதே பேப்பரைப் பார்த்து இவர் இன்னும் பிறக்காத மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவார். மெஷின் தயாராகும் நாளில் புரோகிராமும் தயாராக இருக்கும்.

இந்த முறை வேலை செய்ததற்கு ஒரே காரணம், அந்த மெஷின்கள் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்தன. ஒரே இன்புட்டைக் கொடுத்தால் நூறு தடவையும் ஒரே பாதையில்தான் போகும். தப்பு வந்தால் திரும்ப ஓட்டினால் அதே இடத்தில் அதே தப்பு வரும். பிடித்துவிடலாம்.

அடுத்த மெஷினான எக்ஸ்1-க்கு லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் ஒரு புது வசதியைச் சொன்னார்கள். டைப்ரைட்டர், பேப்பர் டேப் ரீடர் மாதிரியான சாதனங்கள் மெஷினோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். ஒரு எழுத்து அச்சாகும் வரை மெஷின் சும்மா காத்துக் கிடக்க வேண்டுமா? அது தன் கணக்கைப் பார்க்கட்டும், வேலை முடிந்ததும் சாதனமே கதவைத் தட்டட்டும். மெஷின் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, வந்தவரைக் கவனித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். நாம் படிக்கிற இன்டரப்ட் இதுதான்.

நமக்கு இது நல்ல யோசனையாகத் தெரியும். டைக்ஸ்ட்ராவுக்குக் குலை நடுங்கியது. ஏன் என்று பாருங்க.

உங்க புரோகிராம் ஒரு எண்ணை மெமரியிலிருந்து எடுக்கிறது, ஒன்றைக் கூட்டுகிறது, திரும்ப வைக்கிறது. மூன்று இன்ஸ்ட்ரக்‌ஷன். இப்போது எண் 7 என்று வைப்போம். நீங்க 7-ஐ எடுத்தாச்சு. அந்த நொடியில் கதவு தட்டப்படுகிறது. இன்டரப்ட் ரொட்டீனும் அதே எண்ணை எடுத்து 8 ஆக்கி வைத்துவிட்டுப் போகிறது. நீங்க திரும்ப வந்து, கையில் இருக்கும் பழைய 7-ல் ஒன்றைக் கூட்டி 8 என்று வைக்கிறீங்க. 9 வர வேண்டிய இடத்தில் 8. ஒரு எண்ணிக்கை காணோம். கதவு ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் முன்னால் தட்டப்பட்டிருந்தால் எல்லாமே சரியாக இருந்திருக்கும்.

திரும்ப ஓட்டிப் பார்த்தால்? தப்பு வராது. நாளைக்கும் வராது. ஆறு மாசம் கழித்து ஒரு நாள் வரும். எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்டில், ரெவ்யூவுக்கு முந்தைய ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய போர்டு, எக்ஸாமினர் முன்னால் மட்டும் நின்றுபோவதை நீங்க பார்த்திருக்கலாம். அந்த ஜாதித் தப்பு இது. திரும்பவும் வரவழைக்க முடியாத தப்பு வந்தால், காரணம் மெஷினிலா தன் புரோகிராமிலா என்று நிரூபிக்கவே வழி இருக்காது. அதுதான் அவர் பயம். சில காலம் அந்த வசதியை ஏற்காமல் இழுத்தடித்தார். உங்களால் இது முடியும் என்று நண்பர்கள் இரண்டு பேரும் ஐஸ் வைத்துத்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

சம்மதித்த பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். கதவு எப்போது தட்டப்படும் என்று கண்டுபிடிக்க முயலவே இல்லை. எப்போது தட்டினாலும் சரியாக இருக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டார். குறுக்கிடப்பட்ட புரோகிராமின் ரெஜிஸ்டர்கள் எல்லாம் இருந்தபடியே காப்பாற்றப்பட்டு, இருந்தபடியே திரும்பக் கிடைக்க வேண்டும். காப்பாற்றும் வேலை நடக்கும்போதே இன்னொருவர் தட்டினால் அவரை வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு பேரும் தொடும் தகவலைத் தொடும் நேரத்தில் மட்டும் கதவைச் சாத்த வேண்டும். இவை எல்லாம் சரி என்று பேப்பரில் வாதிட்டு நிறுவிய பிறகுதான் எழுதினார். அந்தப் புரோகிராம் எக்ஸ்1-ன் மாற்ற முடியாத மெமரியில் பதிக்கப்பட்டது. அப்புறம் பேட்ச் போடலாம் என்ற பேச்சே இல்லை.

அதையே ஆய்வேடாக எழுதி 1959-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். வழிகாட்டி வான் வைங்கார்டன்.

ரயில்வே சிக்னல்

1960-ல் சக ஊழியர் சோன்னவெல்டோடு சேர்ந்து எக்ஸ்1-க்கு ஆல்கால் 60 கம்பைலரை முடித்தார். முடியும் வரை ஷேவ் பண்ணுவதில்லை என்று இரண்டு பேரும் சபதம். வேலை முடிந்ததும் சோன்னவெல்ட் எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ராவின் தாடி அப்படியே நின்றுவிட்டது. புத்தகங்களில் நீங்க பார்க்கும் தாடி அதுதான்.

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே கிடைத்த மெஷின் எலக்ட்ராலஜிகா எக்ஸ்8. 27 பிட் வேர்டுகள், 32 ஆயிரம் வேர்டு கோர் மெமரி, 512 ஆயிரம் வேர்டு டிரம். அதற்கு டிஹெச்இ என்ற மல்டிபுரோகிராமிங் சிஸ்டத்தை ஆறு பேர் கொண்ட சின்னக் குழு, பாதி நேர வேலையாக எழுதியது. அந்தப் பெயர் பல்கலைக்கழகத்தின் டச்சுப் பெயரின் சுருக்கம்.

எக்ஸ்1-ல் ஒரு தட்டலைச் சமாளித்தவருக்கு இப்போது பல புரோகிராம்கள், பல சாதனங்கள், எல்லாம் ஒரே நேரத்தில். யாருடைய வேகமும் யாருக்கும் தெரியாது. இங்கேதான் செமஃபோர் பிறந்தது. ரயில்வேயில் கை தூக்கி இறக்கும் பழைய சிக்னலின் பெயர் அது. இரண்டே செயல்கள், பி மற்றும் வி. பி செய்தால் எண் ஒன்று குறையும், குறைக்க முடியாவிட்டால் அந்தப் புராசஸ் காத்திருக்கும். வி செய்தால் எண் ஒன்று கூடும், காத்திருப்பவர் எழுந்துகொள்வார். டிஹெச்இ-யில் இன்டரப்டை நேரடியாகப் பார்ப்பது கீழ் அடுக்கின் வேலை. மேலே இருக்கும் புரோகிராமுக்கு ஒவ்வொரு சாதனமும் தன்பாட்டுக்கு ஓடும் இன்னொரு புராசஸ் மாதிரி, அவ்வளவுதான். சிஸ்டம் முழுக்கவே அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. எந்த வரி எந்த அடுக்கில் ஓடுகிறது என்பது எழுதும்போதே முடிவான விஷயம். ஓடும்போது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

பலன் என்ன தெரியுமா? சோதனையில் கிடைத்தவை சின்னச் சின்ன எழுத்துத் தவறுகள்தான், ஐந்நூறு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒன்று என்ற கணக்கில். ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்குள் பிடிபட்டது. 1968-ல் வெளியான கட்டுரையில் இந்தக் கணக்கை அவரே பதிவு செய்தார். எந்தத் தப்பைக் கண்டு பயந்தாரோ, அந்த ஜாதித் தப்புக்கு இடமே இல்லாமல் கட்டியிருந்தார்.

லினக்ஸுக்குள் அதே கேள்வி

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். பி செய்பவர் காத்திருக்க நேரலாம், வி செய்பவர் காத்திருக்க மாட்டார். இந்த ஒரு வித்தியாசம் போதும், இன்டரப்ட் கான்டெக்ஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடலாம். இன்டரப்ட் ஹேண்ட்லர் சொந்த வீடு இல்லாத ஆள். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புராசஸ் மேல் ஏறி உட்கார்ந்து வேலை பார்க்கிறது. அது தூங்கினால் அடியில் இருக்கும் அப்பாவிப் புராசஸும் சேர்ந்து நிற்கும். அதனால் லினக்ஸில் டவுன் என்ற செமஃபோர் ஃபங்ஷனை இன்டரப்டுக்குள் கூப்பிடக் கூடாது, அப் என்பதைக் கூப்பிடலாம். டவுன் என்பது பி. அப் என்பது வி.

அப்படியானால் கர்னலுக்குள் ஓடும் ஒரு கோடுக்கு, தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? லினக்ஸ் ஒரு எண்ணை வைத்திருக்கிறது. பெயர் பிரீஎம்ட் கவுன்ட். வழக்கமான அமைப்பில் கீழ் 8 பிட் பிரீஎம்ஷன் எத்தனை முறை தடுக்கப்பட்டது என்பதற்கு, அடுத்த 8 பிட் சாஃப்ட் இன்டரப்டுக்கு, அடுத்த 4 ஹார்டு இன்டரப்டுக்கு, அதற்கு மேல் 4 தடுக்கவே முடியாத என்எம்ஐ-க்கு. இன்டரப்ட் வந்தால் அந்தப் பகுதியில் எண் கூடும், போனால் குறையும். எட்டிப் பார்த்தால் போதும்.

கேட்க ரொம்ப எளிதாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இரண்டு. சாஃப்ட் இன்டரப்டை ஒரு புராசஸ் தற்காலிகமாகத் தடுத்து வைத்தாலும் அதே பிட்கள் கூடும். அதனால் இன்-இன்டரப்ட் என்ற பழைய சோதனை, இன்டரப்டே இல்லாத இடத்திலும் ஆமாம் என்று சொல்லும். இரண்டாவது, பிரீஎம்ஷன் எண்ணிக்கை இல்லாமல் கட்டப்பட்ட கர்னலில் ஸ்பின்லாக் பிடித்தாலும் எண் கூடாது. தூங்கலாமா என்று எண்ணைக் கேட்டால் தாராளமாக என்று பொய் சொல்லும். அதனால்தான் 2020 வாக்கில் டிரைவர்களிலிருந்து இந்தச் சோதனைகளைக் களையும் வேலை மும்முரமாக நடந்தது. உள்ளே உட்கார்ந்து ஊகிக்காதே, எந்த நிலைமையில் கூப்பிடுகிறோம் என்பது கூப்பிடுகிறவருக்குத் தெரியும், அவர் சொல்லி அனுப்பட்டும் என்பதுதான் வாதம். டிஹெச்இ-யின் அடுக்குகள் நினைவுக்கு வருகிறதா?

ஆனால் ஒரு வகைப் புரோகிராமுக்கு இந்த வாதம் பொருந்தாது. ஈபிபிஎஃப். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குள் வெளியிலிருந்து ஏற்றி, ஏதாவது ஒரு ஃபங்ஷனில் மாட்டிவிடும் குட்டி புரோகிராம். மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனில் மாட்டி, எந்த அப்ளிகேஷன் எவ்வளவு மெமரி கேட்கிறது என்று எண்ணப் போறீங்க என்று வைப்போம். நீங்க எடிட்டரில் டைப் பண்ணிக்கொண்டிருக்கும் நொடியில் பிரவுசருக்கான பாக்கெட் ஒன்று நெட்வொர்க்கில் வந்து இறங்குகிறது. இன்டரப்ட், அதற்காக மெமரி. உங்க புரோகிராம் இப்போது ஓடும் புராசஸ் யார் என்று கேட்டால் எடிட்டரின் எண்தான் கிடைக்கும். பிரவுசர் செலவு எடிட்டர் கணக்கில் ஏறிவிடும். எரர் வராது, கிராஷ் ஆகாது. ரிப்போர்ட் மட்டும் தப்பாக இருக்கும்.

இங்கே கூப்பிடுகிறவர் சொல்லி அனுப்ப வழியில்லை. அவருக்கு நீங்க மாட்டிக்கொண்டிருப்பதே தெரியாது. ஆகவே எண்ணைப் பார்த்தே ஆகணும். அந்த எண்ணும் எக்ஸ்86-ல் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மாறியில் இருக்கும், ஆர்ம்64-ல் ஓடும் டாஸ்கின் தகவலோடு இருக்கும். ரியல் டைம் கர்னலில் சாஃப்ட் இன்டரப்ட் கணக்கு வேறு இடத்தில். இவை தெரிந்து, ஹார்டு, சாஃப்ட், என்எம்ஐ மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, மூன்றும் இல்லை என்றால் மட்டும் புராசஸ் கணக்கில் எழுதணும். மீதியைத் தனிக் கணக்கில் போடணும்.

கையெழுத்துப் பக்கங்கள்

டிஹெச்இ முடிந்த பிறகு டைக்ஸ்ட்ராவுக்கு நல்ல காலம் இல்லை. துறையில் அவர் குழுவைக் கலைத்தார்கள். கடும் மனச்சோர்வில் விழுந்தார். அதிலிருந்து மீள ஒரு நீண்ட குறிப்பை எழுதினார். ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் என்று இன்று முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லித் தருவது அங்கிருந்து பரவியதுதான். 1972-ல் டூரிங் விருது. 1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக நூனன் ஊரில் வீட்டிலிருந்தே வேலை. 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

கம்ப்யூட்டர் உலகத்தையே மாற்றியவர் பெரும்பாலும் கம்ப்யூட்டரைத் தொடாமலே வேலை செய்தார். மை பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளோடு இடபிள்யூடி என்று எண் போட்டு, நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அப்படி 1,300-க்கும் மேல். அவற்றை இன்றைக்கும் இணையத்தில் படிக்கலாம். 1999-ல் ஓய்வு பெற்றார். 2002 ஆகஸ்ட் 6 அன்று நூனனில் புற்றுநோயால் காலமானார். வயது 72.

அடுத்து எம்பெடட் லேபில் ஒரு இன்டரப்ட் ரொட்டீன் எழுத உட்காரும்போது, கீபோர்டைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்க. மெயின் லூப்பும் ரொட்டீனும் சேர்ந்து தொடும் மாறிகள் எவை என்று வரிசையாக எழுதுங்க. ஒவ்வொன்றுக்கும் எதிரில், இதைத் தொடும் நடுவில் கதவு தட்டப்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்க. பதில் தெரியாத வரி ஒன்று இருந்தாலும் அந்தக் கோடு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், போர்டில் எத்தனை தடவை ஒழுங்காக ஓடியிருந்தாலும் சரி.